ஈஸ்டர் முட்டைக்குக் கலர்: தின்பதற்கா, வைப்பதற்கா?

பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகிக் குன்னூர் வந்திருக்கிறீர்கள். ஏழு வயதில் மகள், நாலு வயதில் மகன். போன ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முட்டைக்குக் கலர் ஏற்றியதில் நிறம் வெளிறித் திட்டுத்திட்டாக வந்தது, மறுநாளும் தொட்டால் கையில் ஒட்டியது, உரித்தால் மஞ்சள் கரு வேகாமல் கொழகொழவென்று இருந்தது. எந்தக் கம்பெனிச் சாயம் வாங்கினால் பளிச்சென்று வரும், அந்த முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, "இது நம்ம வழக்கமே இல்லை, வேறு ஏதோ தெய்வத்துக்குச் செய்ததாம்" என்று சபையில் ஒரு பெரியவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியை மாற்றுவதால் இதில் எதுவும் சரியாகாது. முட்டை வேகாததற்கு உங்கள் ஊரின் உயரம் காரணம், நிறம் பிடிக்காததற்கு முட்டையின் ஓடும் வினிகரும் காரணம், சாப்பிடலாமா என்பது நீங்கள் எதை எடுத்துப் பூசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலையில் ஒரு பள்ளியில் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு வருடா வருடம் இந்த வேலையைச் செய்கிறேன். அதை வைத்துத்தான் பேசுகிறேன். சின்னவனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் குழந்தை டாக்டரைக் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: தின்கிற முட்டையா, வைக்கிற முட்டையா? பாதிக் குழப்பம் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போவதால்தான் வருகிறது. வேகவைத்த முட்டைக்குப் போஸ்டர் கலர், ஜிகினா, பசை எல்லாம் போட்டு அழகு பார்த்து, மூன்று நாள் ஷோகேஸில் வைத்துவிட்டு, வீணாக்க மனசு வராமல் உரித்துச் சாப்பிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தின்கிற முட்டைக்குச் சமையல் கலர் அல்லது காய்கறிச் சாயம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வைக்கிற முட்டை என்றால் உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு வெறும் ஓட்டில் என்ன வேண்டுமானாலும் பூசலாம். பிள்ளைகள் வயதுக்கு முதல் வகைதான் தோது. ஓட்டு முட்டை நாலு வயதுக்காரன் கையில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வேகாத விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பாளையங்கோட்டையில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது குறைந்துகொண்டே வரும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அதனால் 94 டிகிரி வாக்கில் கொதிக்கும். 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் அதுவும் கிடையாது, 92, 93 தான். கொதிக்கிற தண்ணீர் என்று பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சூடுதான் குறைவு. முட்டை வெந்துவிடும், அதில் சந்தேகமில்லை. வெள்ளைக் கரு நன்றாகக் கெட்டியாவதற்கு 80 டிகிரி சூடு போதும். நேரம்தான் கூடும். கீழே ஒன்பது பத்து நிமிடம் வைத்த கைக்கு இங்கே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் வேண்டும், ஊட்டியில் இன்னும் ஒரு நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக இருபது நிமிடம் போட்டு வாட்டாதீர்கள். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக ஒரு வளையம் வருமே, அது அளவுக்கு மீறி வெந்ததன் அடையாளம். வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்து உண்டாவது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, பிள்ளைகள்தான் முகம் சுளிக்கும்.

குக்கரில் வைக்கலாமே என்பீர்கள். சாப்பாட்டுக்கு என்றால் வையுங்கள், கலர் ஏற்றும் முட்டைக்கு வேண்டாம். விசில் வரும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று மாறி ஓடு விரிசல் விடும். விரிசல் வழியாகச் சாயம் உள்ளே இறங்கும், வெளியே கோடு கோடாகத் தெரியும். மலைக்காலையில் சமையலறையில் கிடந்த சில்லென்ற முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அதே கதை. பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்க விட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். நேற்றிட்ட முட்டை வாங்கினால் உரிக்க வராது, வெள்ளைக் கருவும் ஓட்டோடு பிய்ந்து வரும். ஒரு வாரம் ஆன முட்டை சுலபமாக உரியும். நாமக்கல்லிலிருந்து லாரியில் ஏறி வருகிற முட்டைக்கு அந்த வயது அநேகமாக வந்திருக்கும்.

இனி நிறம். முட்டை ஓட்டில் 95 சதவீதம் போல கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கிற அதே பொருள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புரதப் படலம் ஒன்று உண்டு. சமையல் கலர் முக்கியமாக ஒட்டிக்கொள்வது அந்தப் புரதத்தில்தான். சாயத் துகளுக்கு எதிர்மின் தன்மை. வினிகரின் அமிலம் புரதத்தில் நேர்மின் தன்மையைக் கூட்டிவிடும், இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றுகிறவர்கள் தொட்டியில் அமிலம் விடுவதும் இதற்காகத்தான். வினிகர் இல்லாமல் எவ்வளவு சாயம் கொட்டினாலும் அது ஓட்டின் மேல் காய்ந்து உட்கார்ந்திருக்குமே தவிர பிடிக்காது. மறுநாள் ஈரக்கையில் ஒட்டியது அதுதான். நீங்கள் எழுதியதில் வினிகர் பேச்சே இல்லை, அதனால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அளவு சொல்கிறேன். அரை டம்ளர் வெந்நீர், சுமார் 120 மில்லி. அதில் ஒரு டீஸ்பூன் சாதாரண வெள்ளை வினிகர், தூள் சாயம் கால் டீஸ்பூன், அல்லது திரவச் சாயம் பத்துப் பதினைந்து சொட்டு. முட்டை முழுதாக மூழ்கும்படி ஐந்து நிமிடம். அழுத்தமான நிறம் வேண்டுமானால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள், சாயத்தைக் கூட்ட வேண்டாம். வினிகரையும் அதிகமாக ஊற்றக் கூடாது. அமிலம் கூடினால் ஓட்டையே அரிக்க ஆரம்பிக்கும், சோடாப் பாட்டில் போலக் குமிழ் குமிழாக வரும், குமிழ் உட்கார்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். வினிகர் கைவசம் இல்லையென்றால் எலுமிச்சம் பழச் சாறும் வேலை செய்யும். எவர்சில்வர் டம்ளரை விடக் கண்ணாடி டம்ளர் நல்லது. உள்ளே நிறம் ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம், நீங்களும் எப்போது எடுப்பது என்று பார்க்கலாம்.

திட்டுக்கு இன்னொரு காரணம் எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட கையோடு பிள்ளை முட்டையை எடுத்தால், அந்த விரல் பட்ட இடத்தில் சாயம் ஏறவே ஏறாது. சிவப்பு முட்டையின் வயிற்றில் கட்டை விரலின் ரேகை வெள்ளையாக, வளைவு வளைவாக, அப்படியே அச்செடுத்த மாதிரி நிற்கும். அதனால் முதலில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெந்து ஆறிய முட்டையை வினிகரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, உலரவிட்டு, அதற்குப் பிறகுதான் சாயத்தில் இறக்க வேண்டும். ஜல்லிக் கரண்டியில் வைத்து இறக்கினால் நாலு வயதுக்காரனே செய்துவிடுவான்.

என்ன சாயம் வாங்குவது? பாக்கெட்டில் உணவுக்கான நிறமி என்று எழுதியிருக்க வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது இன்னது என்று பெயர் போட்டிருக்க வேண்டும்: டார்ட்ரசின், கார்மோசின், பிரில்லியன்ட் ப்ளூ என்ற மாதிரி. மளிகைக் கடையில் பெயரில்லாத பொட்டலமாக மடித்துக் கொடுக்கிற கலர்த் தூள் வேண்டாம். கண்ணைப் பறிக்கிற ரோஸ் வேண்டும் என்று தேடுகிறவர்கள் கையில்தான் ரோடமைன் பி என்கிற, தின்னக் கூடாத துணிச் சாயம் வந்து விழும். பஞ்சு மிட்டாயில் அது இருந்ததைக் கண்டுபிடித்துத்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை போட்டார்கள். கோலப் பொடி, ஹோலிப் பொடி, துணிச் சாயம் எதுவும் தின்கிற முட்டையின் பக்கமே வரக் கூடாது. ஓடு தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் இருக்கின்றன.

பாக்கெட் கலரே வேண்டாம் என்றால், நீங்கள் இருக்கிற இடத்துக்குக் காய்கறியிலேயே முடித்துக்கொள்ளலாம். வெங்காயச் சருகு முதல் இடம். கை நிறைய இரண்டு முறை அள்ளிப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் செம்மண் நிறத்தில் அருமையான சாயம் கிடைக்கும். வினிகர் இல்லாமலே பிடிக்கிற கெட்டிக்காரச் சாயம் அது. மஞ்சள் பொடி பளீரென்ற மஞ்சள் தரும், கையிலும் கொஞ்சம் ஒட்டும். இங்கிலீஷ் காய்கறிக் கடைகளில் கிடைக்கும் ஊதா முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீர் ஊதாவாக இருக்கும், வினிகர் விட்டால் சிவப்பேறும். அதில் வெந்த முட்டையைப் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் முட்டை நீலமாக இருக்கும். பிள்ளைகள் அசந்து போவது இதற்குத்தான். அந்தக் கோஸில் இருக்கிற ஆந்தோசயனின், அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம் என்று நிறம் மாறும் பொருள்; ஓட்டின் சுண்ணாம்பு அதை நீலப் பக்கம் இழுக்கிறது. மஞ்சளில் முக்கிய முட்டையை இதில் போட்டால் பச்சை. தேயிலைத் தூள் டிகாக்ஷனில் கிடந்தால் பழுப்பு.

பீட்ரூட்டை எல்லாரும் முதலில் எடுப்பார்கள், தண்ணீர் அவ்வளவு சிவப்பாக இருப்பதால். முட்டையில் அது அழுக்கு ரோஸாகத்தான் வரும், சீக்கிரம் மங்கியும் போகும். கேரட் சுத்தமாகப் பிரயோஜனமில்லை. அதன் நிறமி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கேத்தி பாலாடா பக்கம் மூட்டை மூட்டையாகக் கேரட் விளைந்தும் முட்டைக்குக் கலர் தராது என்பது எனக்கு இன்றும் ஒரு குறைதான். ஆனால் அதன் தழை உதவும். இலை வைத்து அச்செடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பச்சை முட்டையைத் தண்ணீரில் நனைத்து, கேரட் தழையின் ஒரு நுனியையோ கொத்தமல்லி இலையையோ அதன் மேல் படியவைத்து, நரம்பெல்லாம் விரித்துவிட்டு, பழைய மல் துணியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். துணி தளர்ந்தால் சாயம் இலைக்கு அடியில் புகுந்துவிடும், இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதை வெங்காயச் சருகுத் தண்ணீரில் வேகவைத்து, ஆறியதும் அவிழ்த்து இலையை உரித்தால், செங்காவி முட்டையில் இலையின் உருவம் பல் பல்லாக, காம்போடு, ஓட்டின் சொந்த நிறத்தில் நிற்கும். முடிச்சைப் பெரியவள் போடட்டும், சின்னவன் இலை பொறுக்கி வரட்டும். ஆனால் எந்த இலை என்று நீங்கள் பார்த்துக் கொடுங்கள். வேலியோரம் அழகாக நிற்கிற உண்ணிச்செடியும் ஊமத்தையும் விஷம், ஹைட்ராஞ்சியாவும் அப்படித்தான். தேயிலைக் கொழுந்தில் மருந்து அடித்திருப்பார்கள். சமையலறைக்குள் வருகிற இலை மட்டும் போதும்.

மெழுகு இதைவிடச் சுலபம். வெள்ளை மெழுகுவர்த்தி நுனியால் முட்டையில் பெயரோ சிலுவையோ எழுதிச் சாயத்தில் முக்கினால் எழுதிய இடம் வெள்ளையாக நிற்கும். பெரியவளுக்கு ஆர்வம் இருந்தால் மஞ்சளில் முக்கி, மேலே மறுபடி மெழுகால் எழுதி, ஆரஞ்சில் முக்கி, கடைசியில் சிவப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகலாம். பிறகு முட்டையை லேசாகச் சூடு காட்டித் துணியால் துடைத்தால் மெழுகு போய் எல்லா நிறமும் வெளியே வரும். உக்ரைன்காரர்கள் பிசான்கா என்று தலைமுறை தலைமுறையாகச் செய்வது இந்த முறைதான். 2024-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சின்னவனுக்கு ரப்பர் பேண்டு கொடுங்கள். முட்டையைச் சுற்றி இரண்டு மூன்று போட்டு முக்கினால் வரி வரியாக வரும், அவனே செய்ததாகவும் இருக்கும். நாட்டுக்கோழி முட்டை பழுப்பாக இருப்பதால் வெளிர் நிறங்கள் அதில் எடுக்காது. சிவப்பு, நீலம் போன்றவை கருத்து அழகாக வரும். பளிச்சென்று வேண்டும் என்கிற உங்களுக்குச் சாதாரண வெள்ளை முட்டைதான்.

காயவைப்பதுதான் குன்னூரில் பெரிய பாடு. ஏப்ரல் மாதம் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால், இல்லை கோடை மழை பிடித்துக்கொண்டால், ராத்திரி வரை முட்டை பிசுபிசுவென்றே இருக்கும். காலையில் வெயில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். சாயத்திலிருந்து எடுத்ததும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் ஒரே முக்கு முக்கி எடுங்கள், ஒட்டாத சாயம் அங்கேயே போய்விடும். இட்லித் தட்டில் வைத்தால் ஓட்டைகள் வழியாக நீர் வடியும். அடிப்பக்கம் கறை படாமல் இருக்க அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். அட்டை முட்டை ட்ரே சாயத்தை உறிஞ்சிவிடும், அதில் வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளங்கையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி முட்டையை உருட்டினால் பளபளக்கும். முன்னால் எதிரியாக இருந்த எண்ணெய் இப்போது வேண்டியதாகிவிடுகிறது.

வைக்கிற முட்டைக்கு, இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, ஒரு பக்கத் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, நீள ஊசியால் மஞ்சள் கருவைக் கலக்கி, ஊசி மாட்டாத சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வெளியேற்றுங்கள். வாயால் ஊத வேண்டாம், பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற நோய்க் கிருமி இருக்கலாம். வந்ததை உடனே ஆம்லெட் போட்டுவிடலாம். ஓட்டுக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவைத்தால் போஸ்டர் கலர், அக்ரிலிக், நகப் பாலிஷ் எது வேண்டுமானாலும் பூசலாம்.

இப்போது சாப்பிடுவது. வெந்த முட்டை பச்சை முட்டையை விடச் சீக்கிரம் கெடும். கொதிக்கும்போது ஓட்டின் மேல் இருக்கிற அந்தப் புரதப் படலத்தின் காப்பு போய்விடுவதால் துளைகள் திறந்து கிடக்கும். வெளியே மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை இருக்கலாம். ஊர் குளிர்ச்சியாக இருப்பதால் இந்த இரண்டு மணி நேரம் நீளாது; ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரி, உங்கள் சமையலறை என்ன குளிராக இருந்தாலும் 15-க்குக் கீழே போகுமா என்ன? கலர் ஏற்றும் நேரம், மேசையில் அழகு பார்க்கும் நேரம் எல்லாம் இந்த இரண்டு மணியில் சேர்த்திதான். ஒளித்து வைத்துத் தேடுகிற விளையாட்டுக்கு வெந்த முட்டையைத் தோட்டத்தில் போடாதீர்கள். ஓட்டு முட்டையோ, துணியில் தைத்த முட்டையோ போதும். நீலகிரியில் ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குத் தடை இருக்கிறது, அந்த பிளாஸ்டிக் முட்டைகளைத் தேடி அலைய வேண்டாம். அப்புறம், ஆராதனைக்குப் போகும் முன் இருட்டிலேயே போய் ஒளித்துவைக்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் அந்த நேரத்தில் தேயிலைக்குள் கரடி நடமாட்டம் இருக்கும், காட்டெருமையும் நிற்கும். வெயில் ஏறிய பிறகு, வீட்டு முற்றத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். குரங்கை மட்டும் யாராலும் தடுக்க முடியாது.

பெரியவர் சொன்னதில் நிச்சயமானது எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்க்கலாம். 725-ல் எழுதிய பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, ஈஸ்டர் வருகிற மாதத்தில் முன்பு ஒரு பெண் தெய்வத்துக்கு விழா எடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியில் முட்டை இல்லை. அதை முட்டையோடும் முயலோடும் முடிச்சுப் போட்டதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் ஊகம். நிச்சயமாகத் தெரிவது இது: இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. கோழி தவம் இருக்காது, அது பாட்டுக்கு இடும். ஈஸ்டர் வருவதற்குள் வீடு நிறைய முட்டை சேர்ந்துவிடும். 1290-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்காக 450 முட்டை 18 பென்னிக்கு வாங்கி நிறம் ஏற்றியும் பொன் தகடு ஒட்டியும் கொடுத்த செலவு இருக்கிறது. கிழக்குத் திருச்சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்து முட்டையைச் சிவப்பாக்குவார்கள். வசந்தத்துக்கு முட்டைக்கு வண்ணம் ஏற்றுவது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதும் உண்மை, ஈரானியர்கள் தங்கள் புத்தாண்டான நவ்ரூஸுக்குச் செய்கிறார்கள். வேதத்தில் இது இல்லை என்று பெரியவர் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். கேக்கும் நட்சத்திர விளக்கும்கூட அங்கே இல்லை. அவர் மனசு நோகும் என்றால் வீட்டோடு செய்துகொள்ளுங்கள், சபைக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த மலையில் ஈஸ்டரே புதுசு என்று யாராவது சொன்னால் மட்டும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தைக் காட்டுங்கள். அது வழிபாட்டுக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் திங்கட்கிழமை வரப்போகிற கேள்வி: ஒரு டஜன் வெந்த முட்டையை என்ன செய்வது? உரிக்கும்போது வெள்ளைக் கருவில் அங்கங்கே நீலமோ ரோஸோ இறங்கியிருக்கும். உணவுக் கலர்தான் போட்டீர்கள் என்றால் பயமில்லை. பெரிய விரிசல் விட்டதையும், தரையில் உருண்டதையும், எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று ஞாபகமில்லாததையும் தூக்கிப் போடுங்கள். மற்றதைக் கீறி முட்டைக் குழம்பில் போட்டால், நீலமாவது ரோஸாவது, ஒன்றும் தெரியாது.